பெருங்குடல் கலத்தின்ரை காது எங்கை போச்சு?

(திரையிலை: கிடுகு வேலி, சாத்தின படலை, வெளியிலை சைக்கிளோட ஒரு ஆள் பெல் அடிக்கிறார்)

வணக்கம் உறவுகளே, பின்னாலை பஸ் சத்தம் கேட்டா குறை நினையாதேங்கோ, திருநெல்வேலியிலை றோட்டுக்கரை வீடு, என்ன செய்யிறது.

இண்டைக்குச் சைற்றோகைன் வாங்கியளைப் பற்றிக் கதைப்பம். சைற்றோகைன் எண்டா ஒரு கலம் இன்னொரு கலத்துக்கு அனுப்புற சின்னப் புரதம், வளரு, நில்லு, சண்டைக்கு வா எண்டு சொல்லுற செய்தி. உந்தப் படலையிலை பெல் அடிக்கிறவர்தான் சைற்றோகைன், உள்ளுக்கை கேக்கிற காதுதான் வாங்கி, றிசெப்டர் எண்டும் சொல்லுவினம். காது இல்லாத வீட்டிலை விடிய விடிய பெல் அடிச்சாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம்.

நல்ல பெருங்குடலிலை உள்சுவர்க் கலங்கள் நாலஞ்சு நாளிலை மாறிக்கொண்டே இருக்கும், சுவரிலை இருக்கிற சின்னச் சின்னக் குழியளுக்கு அடியிலை பிறந்து மேலை ஏறி உதிர்ந்து போகும். இவ்வளவு வேகமா வளர்ற இடத்திலை நிப்பாட்ட ஆள் வேணும்தானே, அந்த வேலையைச் செய்யிறதிலை ஒண்டு ரி.ஜி.எஃப். பீற்றா எண்ட சைற்றோகைன், போதும் பெருகினது எண்டு சொல்லும். இன்ரலூகின் 22 எண்ட சைற்றோகைன் வேறை மாதிரி, அதைச் செய்யிறது நோயெதிர்ப்புக் கலங்கள், ஆனா அதைக் கேக்கிற காது அவைக்கு இல்லை, சுவர்க் கலத்துக்குத்தான் இருக்கு. காயத்தை ஆத்து, சளிப்படலத்தைப் போடு எண்ட செய்தி அது. எனக்கு இது நல்லாப் பிடிச்ச விசயம்.

(திரையிலை: ஒரே எழுத்து பத்துத் தரம்)

இப்ப கான்சருக்கு வருவம். ரி.ஜி.எஃப். பீற்றாவின்ரை ரெண்டாம் வாங்கிக்குரிய மரபணுவிலை, அதாவது அதைச் செய்யிற குறிப்பிலை, ஏ எண்ட டி.என்.ஏ. எழுத்து 10 தரம் அடுத்தடுத்து வரும். சின்னப் பிள்ளையை ஒரே எழுத்தைப் பத்துத் தரம் எழுதச் சொன்னா ஒன்பதிலை நிப்பாட்டிப்போட்டு ஓடிடும், கலமும் பிரதி எடுக்கேக்கை அப்பிடித்தான் தவறவிடும், வழக்கமா பிழை திருத்துற புரதங்கள் வந்து சரிக்கட்டிப்போடும். பெருங்குடல் கான்சரிலை ஏறக்குறைய 15 வீதத்திலை அந்தத் திருத்துறதே பழுது. அப்ப ஒரு எழுத்து குறைஞ்சு வாசிப்பே பிசகி, வாங்கி உருப்படியா வராது. 1995இலை இதைக் கண்டுபிடிச்சினம். வேறை சில பெருங்குடல் கான்சருகளிலை காது நல்லா இருக்கும், உள்ளுக்கை செய்தி கொண்டுபோற ஸ்மாட் 4 எண்ட புரதம் போயிருக்கும், பெல் கேக்குது ஆனா எழும்பி வர ஆளில்லை.

இன்ரலூகின் 6 எதிர்ப்பக்கம், பெருகு, சாகாதே எண்டு தள்ளும். ஆனா அதை வில்லன் ஆக்காதேங்கோ, காயம் ஆற அது வேணும். அதின்ரை வாங்கியை மறிக்கிற ரொசிலிசுமாப் எண்ட மூட்டுவாத மருந்திலை அரிதா குடலிலை ஓட்டை விழுறதும் இருக்கு.

(திரையிலை: கூழ்ச் சட்டி)

எனக்கு எரிச்சல் தாற இடம் இதுதான். கான்சரிலை இந்த வாங்கி கூடியிருக்கு எண்டு தலைப்புப் போடுவினம். ஒடியல் கூழை மிக்ஸியிலை அடிச்சுப்போட்டு நண்டு எவ்வளவு, றால் எவ்வளவு எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்? கட்டித் துண்டிலை கான்சர்க் கலம் மட்டுமில்லை, நோயெதிர்ப்புக் கலம், இரத்தக்குழாய், நார்க் கலம் எல்லாம் கிடக்கு. முழுசா அரைச்சு அளந்தா, வாங்கி கூடினதோ இல்லாட்டி வாங்கி உள்ள கலங்கள் கூட வந்து குந்தினதோ எண்டு பிரிக்கேலாது. அதோட கனபேர் அளக்கிறது வாங்கியை இல்லை, அதைச் செய்யச் சொல்லுற ஆர்.என்.ஏ.யை, ஆர்.என்.ஏ. நிறைய இருந்தும் கலத்தின்ரை வெளிப்பக்கம் புரதம் கொஞ்சமா இருக்கலாம்.

அதுக்காகத்தான் இப்ப ஒவ்வொரு கலமாப் பிரிச்சு அளக்கினம், இல்லாட்டி துண்டை மெல்லிசா வெட்டிச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியிலை பாக்கினம். அதிலையும் ஒரு சிக்கல், ஒப்பிடுற "நல்ல" துண்டு கனதரம் அதே நோயாளியின்ரை கட்டிக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டினது. பக்கத்து வளவிலை நெருப்புப் பிடிச்சா உங்கடை வேலியும் கொஞ்சம் கருகியிருக்கும்தானே.