ஸ்டெம் செல் தானம்: மலையிலிருந்து ஏன் பெயர்கள் வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கீமோ கொடுத்தும் கட்டுப்படாத ரத்தப் புற்றுநோய்க்கு, ஆரோக்கியமான ஒருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுவை, ஏற்றுவதுண்டு. இதற்கு ரத்த வகை ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எச்.எல்.ஏ. என்ற திசு வகைதான் பொருந்த வேண்டும். அது தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருவதால், கூடப்பிறந்தவர் ஒருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். வீட்டில் கிடைக்காதவர்கள், தானம் செய்ய முன்வந்தவர்களின் பெயரும் திசு வகையும் பதிந்து வைத்திருக்கும் பதிவகத்தில் தேடுகிறார்கள்.

உலகப் பதிவகங்களில் 4 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதில் இந்தியர் மிகக் குறைவு. நீலகிரிக்காரர் இன்னும் குறைவு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படுகர் என்று இங்கே ஒவ்வொரு சமூகமும் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறது. அதனால் சில திசு வகைகள் ஒரு சமூகத்துக்குள் அடிக்கடி வரும், வெளியே அரிதாக இருக்கும். ஒரு படுகர் பிள்ளைக்குப் பொருத்தமானவர் பக்கத்து ஹட்டியிலேயே, அதாவது பக்கத்துப் படுகர் ஊரிலேயே, இருக்கலாம். பதிவில் பெயர் இல்லாவிட்டால் எந்த மருத்துவராலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டக் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

பதிவு செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற பதிவகங்கள், திசு வகையைப் பார்க்கக் கன்னத்திலிருந்து மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியை அனுப்புகின்றன. வெற்றிலை, புகையிலை, டீ எதுவானாலும் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரைமணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, கன்னத்தின் உட்புறத்தில் குச்சியை அழுத்தி உருட்டுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரக் குச்சியை அப்படியே உறையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். காற்றில் உலர்த்திய பிறகே வையுங்கள். வீட்டிலுள்ள இன்னொருவரின் போன் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். எஸ்டேட் மாறி, நம்பர் மாறி, ஆள் கிடைக்காமல் போனால் பொருத்தம் இருந்தும் பயனில்லை.

பொருத்தம் வந்தால் ரத்தப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் நடக்கும். பிறகு குருத்தணுவை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியை நான்கைந்து நாள் போடுவார்கள். அப்போது இடுப்பு வலி, தலைவலி வரும். ஊசி நின்றதும் சில நாளில் போய்விடும். சிக்கில் செல் நோய், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய், உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தானது, அவர்கள் தானம் செய்யக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில், ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், குருத்தணு பிரிந்து, மற்றதெல்லாம் மறு கைக்குத் திரும்பும். நான்கைந்து மணி நேரம் ஆகும். பெரும்பாலும் எலும்பைத் துளைக்கும் வேலை இல்லை.

அம்மாவோ மாமியாரோ பயந்து தடுப்பதால் கடைசி நேரத்தில் பின்வாங்குபவர்கள் உண்டு. மறுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதை முன்கூட்டியே சொல்லுங்கள். குருத்தணு ஏற்றுவதற்குச் சில நாள் முன்பே நோயாளிக்குக் கடுமையான மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வராவிட்டால் அவர் உயிர் பிழைப்பது அரிது. அதனால் குச்சியை வாங்கும் முன்பே வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள், பரிசோதனைக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துப்போய் மருத்துவரிடம் நேரிலேயே கேட்கச் சொல்லுங்கள்.