மூலையில் போய் நின்றால் ஓட்டு: அயோவா காகஸும் அருங்காட்சியகக்காரர்களும்

[காட்சி: பள்ளி ஜிம், மடக்கு நாற்காலிகள், சுவரில் ஒட்டிய பெயர்த் தாள்கள்]

அமெரிக்காவின் அயோவா மாநிலம். குளிர்கால இரவு ஏழு மணி. பள்ளிக்கூடம், தேவாலயம், நூலகம் என்று கிடைத்த இடத்தில் வட்டாரத்து ஆட்கள் கூடுகிறார்கள். அதிபர் தேர்தலில் தங்கள் கட்சிக்கு யார் வேட்பாளர் என்று பேசி முடிவெடுக்கும் இந்தக் கூட்டத்துக்குத்தான் காகஸ் என்று பெயர்.

2020 வரை ஜனநாயகக் கட்சியின் காகஸில் ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவரின் மூலையில் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேர் சேராத மூலை கலைந்துவிடும். உடனே மற்ற மூலைக்காரர்கள் அவர்களைச் சூழ்ந்துகொள்வார்கள். “எங்க பக்கம் வாங்க” என்று பேசி இழுப்பார்கள். கூட்டத்தின் உயிரே அந்தச் சில நிமிடங்கள்தான். அப்புறம் மறுபடியும் எண்ணிக்கை. குடியரசுக் கட்சியினருக்கு இந்த நடமாட்டம் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டுத் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள்.

வேட்பாளர் தேர்வில் அயோவா எப்படி முதல் மாநிலம் ஆனது? 1968இல் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டுக் குழப்பத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி தன் விதிகளை மாற்றியது. மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வட்டாரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), தொகுதி, மாநிலம் என்று நான்கு படிகள். நடுவில் போதிய அவகாசமும் வேண்டும். அதனால் 1972இல் முதல் படி ஜனவரிக்கே வந்துவிட்டது. 1976இல் ‘யாருக்கும் உறுதி இல்லை’ என்று நின்றவர்களே அதிகம். ஆனாலும் வேட்பாளர்களில் ஜிம்மி கார்ட்டர் முந்தினார், நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

[காட்சி: பேட்ஜுகள், தொப்பிகள், கையால் எழுதிய பதாகைகள்]

சரி, இதில் அருங்காட்சியகத்துக்கு என்ன வேலை? வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து காப்பாட்சியர்கள் காகஸ் சமயத்தில் அயோவாவுக்கே வந்து பொருள் சேகரிக்கிறார்கள். பிரசாரக் கூட்டங்களுக்கும் போக வேண்டும், காகஸ் இரவில் ஒரு கூடத்திலும் இருக்க வேண்டும். ஓய்வில்லாத வாரம் அது. மறுநாள் காலை ஜிம்மைப் பெருக்கிவிட்டால் முக்கால்வாசிப் பொருள் குப்பைக்குப் போய்விடும்.

பொருளை வாங்கினால் மட்டும் போதாது. யாருடையது, எந்த ஊர், எந்த நாள் என்று அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் பழைய அட்டை. பிறகு பதிவேட்டு எண், புகைப்படம், அமிலம் இல்லாத காகித உறை, வெளிச்சம் படாத அலமாரி.

ஆயிரக்கணக்கில் அச்சடித்த பதாகையைவிட, யாரோ ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மூலையில் ஒட்டிய தாளைத்தான் நான் முதலில் எடுப்பேன். காரணம், மூலையில் மக்கள் நின்றதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. 2016 ஜனநாயகக் கட்சி காகஸில் ஹிலாரி கிளிண்டனும் பெர்னி சாண்டர்ஸும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லாமல் முடித்தார்கள். கட்சி வெளியிட்டதோ யாருக்கு எத்தனை மாநாட்டுப் பிரதிநிதிகள் என்ற கணக்கு மட்டுமே. எந்த மூலையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று மாநிலம் முழுவதற்குமான தலைக்கணக்கு வெளிவரவே இல்லை. அவ்வளவு பேர் நேரில் வந்து நின்றும் இந்தக் கதி என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதனால்தான் 2020இல் ஒவ்வொருவருக்கும், தான் ஆதரிக்கும் வேட்பாளர் பெயரை எழுத ஒரு விருப்ப அட்டை கொடுத்தார்கள். பிப்ரவரி 3 இரவு, முடிவுகளை அனுப்ப வேண்டிய செயலி காலை வாரியது. முடிவு நாள்கணக்கில் இழுத்தது. ஆனால் சரிபார்க்கக் கையில் காகிதம் இருந்தது. தலைக்கணக்கும் முதல் முறையாக வெளியானது.

2024இல் ஜனநாயகக் கட்சி மூலைகளைக் கைவிட்டு, விருப்ப அட்டைகளைத் தபாலில் வாங்கி, மார்ச் 5 அன்று முடிவை அறிவித்தது. அந்த ஆண்டுக்காகச் சேகரிப்பவர் தேட வேண்டியது தபால் உறையையும் அட்டையையும்தான்.