ஒரே மருந்து, வாய்க்கு 40, ஊசிக்கு 1

வணக்கம் நண்பர்களே. ஃபார்மகாலஜியில், அதாவது மருந்தியலில், மருந்து செலுத்தும் வழிகள் என்று முதலிலேயே ஒரு பட்டியல் வருமே: ஓரல் (வாய்வழி), சப்லிங்குவல் (நாக்கின் அடியில்), ரெக்டல் (மலக்குடல் வழி), ஐவி (சிரையில் ஊசி), ஐஎம் (தசையில் ஊசி). அதை அப்படியே மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நானும். ப்ரோப்ரனலால் என்ற இதய, ரத்த அழுத்த மருந்தின் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மாத்திரை 40 மில்லிகிராம், சிரையில் போடும் ஊசி 1 மில்லிகிராம். அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை அதை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல் சுங்கம் வாங்காமல் விடாது. ப்ரோப்ரனலாலில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும், மிச்சம்தான் உடலுக்கு. இதுதான் ஃபர்ஸ்ட் பாஸ் மெட்டபாலிசம். ஊசியில் போனது இந்த வாசலை மிதிக்காமலே ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இப்போது நைட்ரோகிளிசரினைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. அங்கிருக்கும் சிரைகள், நேராக இதயத்துக்குப் போகும் மேற்பெருஞ்சிரையில் போய்ச் சேர்வதால் கல்லீரலுக்கு முன்பே மருந்து இதயத்தை எட்டிவிடும். ஓரிரு நிமிடங்களில் வேலை தொடங்கும். பழக்கதோஷத்தில் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டால்? கல்லீரல் அநேகமாக மொத்தத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வலி அப்படியே இருக்கும்.

ரெக்டல் வழி பாதிக்குப் பாதி கதை. மலக்குடலின் கீழ்ப்பகுதிச் சிரைகள் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகின்றன, மேற்பகுதிச் சிரை மறுபடி போர்ட்டலில்தான் போய் விழுகிறது. அதனால் சப்போசிட்டரி (மலக்குடலில் வைக்கிற மருந்து) உள்ளே ஏற ஏற அந்த லாபம் குறையும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது புரதம், விழுங்கினால் கல்லீரல் வரைக்கும் போகவே போகாது. வயிறும் குடலும் சாப்பாட்டைப் போலச் செரித்துவிடும். அதனால்தான் தோலுக்கடியில் ஊசி.

சரி, கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழி கொடுத்தால் குடல் அதை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். ரத்தத்தில் தொற்று என்றால் ஐவிதான் வழி. ஆனால் க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமி உட்கார்ந்திருப்பது பெருங்குடலுக்குள். அங்கே வாய்வழி கொடுத்தால்தான் மருந்து குடலிலேயே தங்கிக் கிருமியைப் பிடிக்கும். அதற்கு ஐவியில் கொடுத்துப் பயனில்லை.

தோலில் ஒட்டும் பேட்ச் பற்றி அடுத்த வீடியோவில் பேசலாம்.