ராத்திரி 2 மணிக்கு யார் புரட்டுவது?

நடுவர் அவர்களே, அம்மன் கொடைக்கு வந்திருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, மைக் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கைக் கடிக்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

‘படுக்கையில் விழுந்த பெற்றோருக்கு ஆதரவு, மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளையா, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த பிள்ளையா?’ என்பது தலைப்பு. எனக்குக் கிடைத்தது ஊர்சுற்றி அணி. வீட்டில் சொன்னதும் என் அம்மா, “ஓடிப்போன பயலுக்கு வக்காலத்தா? வெளங்கிரும்” என்று சொல்லித்தான் காப்பியே கொடுத்தாள்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா பட்டினத்தாரை இழுத்தார். எல்லாவற்றையும் துறந்தவரே தாய்க்குக் கொள்ளி வைக்க வந்தார், இந்த ஊர்சுற்றியோ பொறுப்பை மட்டும்தான் துறந்தான் என்றார். கைதட்டல் நன்றாக விழுந்தது, நானும் தட்டினேன். ஆனால் அக்கா, பட்டினத்தார் வந்தது தாய் கண்ணை மூடிய பிறகு. நான் சொல்லப்போகும் ஆள் அப்பா கண் திறந்திருக்கும்போதே வந்துவிட்டான்.

யார் அது? முக்கூடல் பக்கம் எங்கள் தெருக்காரன். பேர் வேண்டாம். அவன் அப்பா எனக்குப் பெரியப்பா முறை. 17 வயதில் பெரியம்மையின் கம்மலை எடுத்துக்கொண்டு ராவோடு ராவாகக் கிளம்பியவன். கொஞ்ச நாள் மும்பை தாராவி. நம் திருநெல்வேலிக்காரர்களுக்கு அது இன்னொரு தாலுகா மாதிரிதானே. அப்புறம் லாரியில் கிளீனர், கேரளாவில் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கும் வேலை. எங்கேயும் 6 மாதம் தாண்டியதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வரவில்லை. எந்த மூலையில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள் நம் ஆட்கள், அதற்கும் வரவில்லை. இதில் ஒன்றையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. எதிரணிக்கு வேண்டுமென்றால் இன்னும் நாலு குற்றம் எடுத்துக் கொடுக்கிறேன்.

போன வருஷம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மூத்தவர் சென்னையில் இருக்கிறார், தவறாமல் பணம் அனுப்புகிறார். காற்று மெத்தை அவர் வாங்கிக் கொடுத்ததுதான், நல்ல காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் காற்று மெத்தை போட்டாலும் ஆளைப் புரட்டத்தான் வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுக்கணும். இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே முதலில் தோல் சிவக்கும், அப்புறம் புண். பகலெல்லாம் பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருக்கும் பெரியம்மைதான் ராத்திரியும் தனியாகப் புரட்டினாள். ஜீபேயில் எந்தப் பொத்தானை அழுத்தினால் ராத்திரி 2 மணிக்கு ஆள் புரளும்? தெரிந்தால் அக்கா சொல்லட்டும்.

அவன் வந்த அன்றைக்கு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தோளில் ஒரு பை, காலில் ஜோடி சேராத செருப்பு. பெரியப்பா பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவன் பையை இறக்கி வைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் அவரைத் தூக்கி, அவர் விரும்பிய மாதிரியே சுவரைப் பார்க்கத் திருப்பிப் படுக்க வைத்தான். நான் மேடைப்பேச்சுக்காரன், எனக்கே அங்கே பேச வாய் வரவில்லை.

அடுத்து சோறு. வாதம் விழுந்த பக்கம் கன்னத்தில் சோறு அடங்கிக்கொள்ளும், அது அவருக்கே தெரியாது. அப்படியே படுத்தால் புரை ஏறி நெஞ்சுக்குள் போய்விடும். உட்கார வைத்து, கொழகொழவென்று குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, கடைசியில் கன்னத்துக்குள் விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். மூத்தவர் பொங்கலுக்கு வந்தபோது ஸ்பூனோடு உட்கார்ந்தார். இரண்டு வாய் ஊட்டினார், வாயோரம் வழிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, எழுந்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, பழக்கமில்லை. இவன் ஊரான் எச்சில் இலையை எடுத்தவன், சொந்த அப்பன் எச்சிலுக்கா கூசுவான்? ஊர்சுற்றி ஒன்றும் சம்பாதிக்கவில்லை என்றார்கள். இந்தக் கூச்சம் போனது சம்பாத்தியமில்லையா?

சட்டம் இருக்கிறதே என்றார் எதிரணித் தம்பி. இருக்கிறது, 2007-இல் வந்தது. ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் முன்னால் மனு கொடுத்தால் பிள்ளையிடம் மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் வாங்கித் தரலாம். ‘தினமும் உன் அப்பாவின் கன்னத்தில் விரலை விட்டு எடு’ என்று எந்த ஆர்.டி.ஓ. உத்தரவு போடுவார்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தையும் சொன்னார். சரி, உண்மை. எங்கள் தெருவுக்கும் வந்து, கையை எப்படி நீட்டி மடக்கணும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்தக் கையை நீட்டி மடக்கியது யார்?

கடைசியாக ஒன்று கேட்டார்கள். அப்பா போய்விட்டால் இவன் மறுபடியும் ஓடிவிட மாட்டானா? ஓடினாலும் ஓடுவான். நான் ஜாமீன் தரமாட்டேன். பெரியம்மையே அப்படித்தான் நினைக்கிறாள். பீடிக் காசைச் சேர்த்துப் புதுசாக எடுத்த கம்மலை இன்னும் என் அம்மாவிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் நடுவர் ஐயா, அவன் வந்த நாளில் இருந்து ராத்திரி அவள் அசந்து தூங்குகிறாள்.