பேச்சல்ல, பழக்கமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தமிழ் உறவுகளே, வணக்கம்.

குடியேறிய ஊரை நமக்குப் புரியவைப்பது அந்த ஊர்க்காரர்களின் பேச்சா, பழக்கமா என்பது தலைப்பு. பழக்கமே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர், "க்ரூஸ் காட்" என்று இந்த வட்டார வழக்கில் வணக்கம் சொன்னால் ரொட்டிக் கடைக்காரர் முகம் மலர்கிறது என்றார். மலரட்டும், ஐயா! வாடிக்கையாளர் யார் வந்தாலும் அவருக்கு முகம் மலரத்தான் செய்யும். அது வியாபாரம். கடைக்காரரை விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் முகம் எப்போது மலர்கிறது என்பதல்லவா கேள்வி?

அதற்கு ஒரு அட்டை வேண்டும். "கேர்வோகே", அதாவது பெருக்கும் வாரம், என்று எழுதிய சின்ன அட்டை. உங்கள் வீட்டுக் கதவில் தொங்கினால் அந்த வாரம் பொதுப்படிக்கட்டைச் சுத்தம் செய்யும் முறை உங்களுடையது. பெருக்கினால் போதாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கைப்பிடியைத் துடைக்க வேண்டும், சன்னல் விளிம்பையும் விடக்கூடாது. என் கட்டடத்துப் பாட்டி ஒருவர் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் தூசி இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். திட்டாமல் விட்டதே பாராட்டு என்பது இந்த ஊர்ப் பழமொழி. எதிரணி அதை மேற்கோள் காட்டிக் கைதட்டல் வாங்கியது. படி துடைக்காதவருக்கு அந்தப் பழமொழி எங்கிருந்து விளங்கும்?

நாமும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள்தான். ஆனால் அது நம் வாசல். இவர்கள் வாரம் வைத்துத் துடைப்பது எல்லாரும் ஏறி இறங்கும் படி. இந்த வேறுபாட்டை எனக்கு எந்த மொழி வகுப்பும் சொல்லித்தரவில்லை, துடைப்பம்தான் சொல்லித்தந்தது.

15ஆம் நூற்றாண்டுவரை வேர் நீளும் வழக்கம் இது. 1988இல் மேயர் மான்ஃப்ரெட் ரோமெல் காலத்தில் மாநகராட்சி தன் கேர்வோகே விதியை நீக்கியது. அட்டை இறங்கியதா? வாடகை ஒப்பந்தங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

ஞாயிற்றுக்கிழமை இங்கே சுவரில் துளை போட முடியாது, கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் வீசக்கூடாது. 1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டம் ஞாயிறு ஓய்வுக்குக் கொடுத்த பாதுகாப்பை இன்றைய அரசியல் சட்டமான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. சும்மா இருப்பதற்கும் சட்டக் காவல் போட்டிருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

இன்னொன்று. 1999இல் நாம் வாழும் இந்த பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் தனக்கே ஒரு விளம்பரம் செய்துகொண்டது: "எங்களால் எல்லாம் முடியும், செந்தர ஜெர்மன் பேசுவதைத் தவிர." பேச்சுக்கு எவ்வளவு பெருமை பாருங்கள் என்றது எதிரணி. முதல் பாதியை ஏன் விழுங்கினீர்கள்? "எங்கள் பேச்சைப் பார்க்காதே, செய்கையைப் பார்" என்று அவர்களே நம் அணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணித் தலைவி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கதவில் அட்டை தொங்கும் வாரத்தில் படியைத் துடைக்காமல் விட்டுவிட்டு, கீழ்வீட்டுப் பாட்டியிடம் இந்த வட்டாரத்தின் அழகான ஷ்வேபிய வழக்கில் நான்கு வரி பேசிப் பாருங்கள். அதன்பிறகு அவர் உங்களிடம் என்ன பேசினார் என்பதை அடுத்த பொங்கலுக்கு இதே மேடையில் வந்து சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.