அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இயந்திரங்களுக்கும் பொருள்களுக்கும் மனித குணம் கொடுத்து வரைவது சித்திரக் கலைக்கு வளமே என்பது எங்கள் கட்சி. மற்ற வாதங்கள் எல்லாம் அப்புறம். எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "மேசை விளக்குக்கு மூக்கு வரைகிறீர்களே, அதற்குச் சளி பிடித்தால் யார் மருந்து கொடுப்பது?" என்றார்.

நண்பரே, நாற்காலியைச் சொல்லியிருக்கலாம், கடிகாரத்தைச் சொல்லியிருக்கலாம். போயும் போயும் விளக்கைச் சொல்லி மாட்டிக்கொண்டீர்களே!

1986. ஜான் லாசெட்டர் என்ற அனிமேஷன் கலைஞர் கணினியில் ஒரு குட்டிப் படம் செய்கிறார். 'லக்ஸோ ஜூனியர்' என்று பெயர். ஓடுவது இரண்டு நிமிடம் போல. ஒரு பெரிய விளக்கு, ஒரு சின்ன விளக்கு, ஒரு பந்து, அவ்வளவுதான். கண் கிடையாது, வாய் கிடையாது, நண்பர் கவலைப்பட்ட மூக்கும் கிடையாது! குட்டி விளக்கு பந்தின்மேல் ஏறிக் குதிக்க, பந்து காற்றுப் போய்ச் சப்பையாகிறது. குட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. சரி, திருந்திவிட்டது என்று நினைத்தால், அதைவிடப் பெரிய பந்தோடு குதித்து வருகிறது. பெரிய விளக்கு என்ன செய்யும்? பிள்ளை பெற்றவர்கள் செய்வதைத்தான் செய்கிறது. தலையை ஆட்டுகிறது.

கணினி வரைகலை வல்லுநர்கள் கூடும் சிக்ராஃப் மாநாட்டில் இதைத் திரையிட்டார்கள். முடிந்ததும் ஜிம் பிளின் எழுந்து லாசெட்டரிடம் வருகிறார். வாயேஜர் விண்கலம் கோள்களைக் கடந்து போவதைக் கணினியில் அசையும் படமாக்கிக் காட்டிய மேதை அவர். லாசெட்டருக்கு உதறல். நிழல் விழும் கணக்கைத்தான் கேட்கப் போகிறார், என்ன பதில் சொல்வது என்று. பிளின் கேட்டார்: "ஜான், அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?"

பின்வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். கோள்களையே கணக்குப் போட்டவர், அத்தனை கணக்கையும் மறந்துவிட்டு, ஒரு இரும்புக் கம்பியைப் பார்த்துக் கேட்கிறார்: அம்மாவா, அப்பாவா?

இது தானாக வந்துவிடவில்லை, நடுவர் அவர்களே. பெரிய விளக்கை அப்படியே சுருக்கினால் அது சின்ன விளக்குதான், குழந்தை ஆகாது. குழந்தைக்குத் தலை பெரிது, உடம்பு சிறிது. அந்தக் கணக்கில் லாசெட்டர் கம்பிகளைக் குட்டையாக்கினார். பல்பை மட்டும் பெரிய விளக்கில் இருந்த அளவிலேயே விட்டார். பல்பு கடையில் வாங்கி மாட்டுவது, விளக்கோடு சேர்ந்து வளராது! இப்படி நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறவனையா பொழுதுபோகாமல் மூக்கு வரைகிறவன் என்கிறீர்கள்? முப்பரிமாணக் கணினி அனிமேஷனில் உருவாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போன முதல் படம் 'லக்ஸோ ஜூனியர்'தான்.

பொருளுக்கு முகம் வைத்தால் குழந்தைகள் உண்மை தெரியாமல் வளர்வார்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு நான் வாதம் செய்யப் போவதில்லை. 1943-க்கு, இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். வெளியே உலகப் போர். உள்ளே தட்டம்மையில் படுத்திருக்கிறான் ஒரு சின்னப் பையன். பக்கத்தில் அவன் அப்பா, வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார். ஆஸ்பத்திரியை அவர் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, காய்ச்சலைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளவும் முடியாது. கையில் காகிதம் இருந்தது. ரயில் எஞ்சின்களை வரிசையாக வரைந்து முகம் வைத்தார். அதில் ஒரு முகம் வாடியிருந்தது. பையன் கேட்டான், அது ஏன் சோகமாக இருக்கிறது என்று.

அம்மை போட்டுப் படுத்திருக்கிற பிள்ளை, நடுவர் அவர்களே! தன் உடம்பு நோகும்போது, காகிதத்தில் இருக்கிற ஒரு எஞ்சினுக்கு என்ன குறை என்று விசாரிக்கிறான். அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான் வளர்ந்து 1945-இல் புத்தகமாகி, எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் தலைமாட்டுக்குப் போனது.

அந்த முகத்தை அழிக்கச் சொல்கிறது எதிரணி. என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன். வணக்கம்.