15,000 டாலர் கார்வெட்: எஞ்சினை விடுங்க, ரப்பரைப் பாருங்க

வணக்கம் மக்களே. காத்து பலமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க. பின்னாடி நிக்குதே சிவப்பு வண்டி, இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன். ஷெவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், 2002 மாடல். கார்வெட்ல அஞ்சாவது தலைமுறை, சுருக்கமா சி5. 1997 மாடல்ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் வந்துச்சு. இங்க அமெரிக்கால சுமாரா நல்ல கண்டிஷன்ல இருக்கறது 15,000 டாலர் அக்கம்பக்கத்துல கிடைக்கும். ஒரு புது டொயோட்டா கரோலா இதைவிட விலை ஜாஸ்திங்க.

எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். அமெரிக்கன் வண்டி, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, நடுரோட்டுல நிக்க வச்சிராதா?

வாங்க, பானெட்டைத் திறக்கறேன். இது முன்பக்கமா சாஞ்சு திறக்கும், பாருங்க. எல்எஸ்1 எஞ்சின். 5.7 லிட்டர், அலுமினியம் பிளாக். முதல்ல 345 குதிரைசக்தி, 2001ல இருந்து 350. சிலிண்டருக்கு ரெண்டே வால்வு, அதைத் திறந்து மூடற கேம்ஷாஃப்ட் மொத்த எஞ்சினுக்கும் ஒண்ணே, அதுவும் பிளாக்குக்குள்ளயே உக்காந்திருக்கு. ஜெர்மன் கார் வச்சிருக்கற நம்ம பசங்க இதைப் பாத்து சிரிப்பாங்க, பழங்காலத்து டிசைன்னு. சிரிக்கட்டும். உடையறதுக்கு உள்ள சாமான் கம்மி. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். இதே எஞ்சின் குடும்பம்தான் ஷெவர்லேயோட தாய் கம்பெனி ஜிஎம்மோட பிக்கப் டிரக்கெல்லாத்துலயும் ஓடுது. அதனால சென்சர், வாட்டர் பம்ப், காயில்னு எது போனாலும் பக்கத்து பார்ட்ஸ் கடைலயே கிடைக்கும், கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இருக்காங்க. ஆயிலும் கூலண்டும் நேரத்துக்கு மாத்தினா 1,00,000 மைல்ங்கறது இதுக்கு ஒரு வயசே இல்ல. குளிர்காலத்துல காலைல ஸ்டார்ட் பண்ணா சிலதுல டக் டக்னு பிஸ்டன் சத்தம் வரும். சூடு ஏறினதும் அடங்கிடும், பயப்படாதீங்க.

மைலேஜ் கேட்டா நம்ப மாட்டீங்க. மேனுவல் வண்டியை ஆறாவது கியர்ல போட்டு 70 மைல் வேகத்துல விட்டா எஞ்சின் 1,500 ஆர்பிஎம் பக்கத்துலதான் சுத்தும். ஹைவேக்கு அப்போ அமெரிக்க அரசாங்கம் போட்ட கணக்கு கேலனுக்கு 28 மைல். நம்ம கணக்குல லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிட்ட.

ஆக, எஞ்சின் உங்ககிட்ட காசு கேக்காது. அதைச் சுத்தி இருக்கற ரப்பரும் வயரும்தான் கேக்கும். இந்த வண்டி வாங்கறவங்க முக்காவாசிப் பேர் பாக்காம விடற இடமும் அதுதான்.

கேமராவை கீழ கொண்டு வரேன். அந்தா, பெல்ட் சுத்தற பெரிய சக்கரம் தெரியுதா? அதுக்குப் பேரு ஹார்மோனிக் பேலன்சர். வெளி வளையமும் நடு பாகமும் தனித்தனி, நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். வயசானா ரப்பர் விட்டுப்போய், வெளி வளையம் ஆட ஆரம்பிக்கும். எஞ்சின் ஓடும்போது மேல நின்னு பாத்தாலே தெரியும். சாமான் விலை பெருசில்லங்க. ஸ்டியரிங் ரேக்கை நகத்தினாத்தான் அதைக் கழட்டவே முடியும், கூலி அதனாலதான் எகிறுது.

அடுத்து பேட்டரி. அதுக்கு நேர் கீழ எஞ்சின் கம்ப்யூட்டரை வச்சிருக்காங்க! எந்த புண்ணியவான் யோசனையோ தெரியல. சாதா பேட்டரி கசிஞ்சா ஆசிட் நேரா வயரிங் மேலயும் கம்ப்யூட்டர் மேலயும் இறங்கும். கசியாத ஏஜிஎம் பேட்டரியாப் போட்டுட்டா நிம்மதி.

பெட்ரோல் முள்ளு திடீர்னு காலின்னு காட்டும், டேங்க் நிறைய இருக்கும்போதே. பெட்ரோல்ல இருக்கற கந்தகம் சென்சர்ல படியறதால வர்றது. பெட்ரோல்ல கலக்கற டெக்ரான் கிளீனர் ஒரு பாட்டில் ஊத்தி ஓட்டினா பல தடவை சரியாயிடும். சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஏபிஎஸ் கம்ப்யூட்டர், பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது. 2001ல இருந்து வந்த வண்டிகளுக்கு புதுசு கிடைக்கறது குதிரைக்கொம்பு. கழட்டி, ரிப்பேர் பண்றவங்களுக்கு அனுப்பித்தான் வாங்கணும். இதை வாங்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஸ்கேனரே வேணாம். உள்ள உக்காருங்க, சாவியைத் திருப்பி மீட்டர் லைட்டை மட்டும் போடுங்க. ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஃப்யூல் பட்டனை நாலு தட்டு தட்டுங்க. எந்தக் கோளாறுன்னு சொல்ற நம்பர், அதாவது கோடு, எல்லாத்தையும் டேஷ்போர்டே வரிசையா காட்டும். பக்கத்துல ‘சி’ன்னு வந்தா இப்போ இருக்கற கோளாறு, ‘எச்’ன்னு வந்தா எப்பவோ வந்து போனது. சி1214னு ஒண்ணு வந்தா அது ஏபிஎஸ் சமாச்சாரம், விலையைக் குறைச்சுப் பேசுங்க. ஒரு கோடுமே இல்லாம பளிச்சுன்னு இருந்தாலும் சந்தேகப்படுங்க. நீங்க வர்றதுக்கு அரைமணி முன்னாடி அழிச்சிருப்பாங்க. ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து திரும்பப் பாருங்க.

ஸ்டியரிங் லாக்கையும் கேளுங்க. திருடன் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு வச்ச பூட்டு, ஓனரையே வெளிய நிறுத்திடுச்சு. சாவியை எடு, பத்து விநாடி பொறுன்னு டேஷ்போர்டுல எழுத்து வரும், வண்டி அசையாது. ஜிஎம் ரீகால் பண்ணாங்க, அதாவது வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணாங்க. அந்த வேலை முடிஞ்சிருக்கான்னு பேப்பர்ல பாருங்க.

கியர்பாக்ஸ் முன்னாடி இல்ல, பின் சக்கரத்துக்கிட்ட இருக்கு. எடை முன்னாடியும் பின்னாடியும் சமமா இருக்கணும்னு. நடுவுல ஒரு நீளக் குழாய், அதுக்குள்ள ஓடற ஷாஃப்டுலயும் ரப்பர் கப்ளிங். கிளட்ச் மாத்தணும்னா பின்பக்கத்தையே மொத்தமா இறக்கணும். மேனுவல் வண்டின்னா முதல்ல கேக்க வேண்டியது கிளட்ச் பில்தான். சொல்ல மறந்துட்டேன், நீங்க கால் வச்சிருக்கற தரைக்குள்ள பால்சா மரம் இருக்கு, நிஜ மரம்! எடையும் கம்மி, சத்தமும் கம்மி.

இவ்வளவும் எதுக்கு சொல்றேன்னா, விளம்பரத்துல “20,000 மைல்தான் ஓடியிருக்கு, கராஜ்லயே இருந்தது”ன்னு போட்டு 5,000 டாலர் கூட கேப்பாங்க. நான் அதுக்கு ஆசைப்பட மாட்டேன். ரப்பரை மைல் தின்னுறதில்ல, வருஷம்தான் தின்னுது. நின்ன வண்டில சீல் காஞ்சிருக்கும், டயர் பாக்க புதுசா இருக்கும், ஓரத்துல செஞ்ச தேதியைச் சொல்ற நாலு இலக்கத்தைப் படிச்சா பதினஞ்சு வருஷப் பழசு. ஸ்டெப்னியே கிடையாது இந்த வண்டிக்கு, பஞ்சரானாலும் ஓடற டயர் போட்டுத்தான் கம்பெனி வித்தாங்க. 90,000 மைல் ஓடி, பில் ஃபைல் தடியா வச்சிருக்கறவர்கிட்ட போங்க.

இதே சி5ல பவர் கூட்டின மாடல் இசட்06 வாங்கலாமான்னா, 405 குதிரைசக்தி ஆசையா இருந்தா 2002ல இருந்து பாருங்க, விலை ஏறும். தினசரி ஓட்ட சாதா கூப்பே போதும், கூரையைக் கழட்டி பின்னாடி வச்சுக்கலாம். ஊருக்குக் கொண்டு வரலாமான்னு மதுரைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஸ்டியரிங் இடது பக்கம், வயசு இருபதுக்கு மேல. நம்ம இறக்குமதி விதி ரெண்டுக்கும் ஒத்துக்காது தம்பி.

அடுத்த வீடியோல டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தறதை காட்டறேன், கையில அழுக்கு படற வேலை. வரட்டுமா, பை.